பிறப்பிடத்துக்கும் வதிவிடத்துக்கும் இடையில்

அண்ணை மதம் மாறவில்லை. முதலில் இதை எழுதி வைத்தால்தான் மற்றதை எழுத எனக்குக் கை வரும்.

அண்ணை காலமான எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று, லண்டன் குட்மேய்ஸில் அவருடைய வீடு முழுக்கச் சனம். எங்கள் சொந்தக்கார மாமா ஒருவர் கையில் வடையோடு என்னைக் குசினி வாசலில் மறித்தார். "பிள்ளை, கொண்ணை கடைசிக் காலத்தில யூத சமயத்துக்குப் போட்டாராம், மெய்யே?" என்று கேட்டார். "வடை ஆறப்போகுது மாமா, சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். செத்த வீட்டில் வாய் காட்டக்கூடாது என்று அம்மா வளர்த்த வளர்ப்பு அது. இன்று முப்பத்தோராம் நாள் முடிகிறது. இனிப் பதில் சொல்லலாம்.

கண் மூடும் வரை அண்ணை திருநீறு பூசாமல் வாசற்படி தாண்டியதில்லை. ஊசி குத்திக் குத்தி வீங்கிப்போன கையோடு ஆர்ச்வே முருகன் கோயில் ஏற்றத்தில் நின்று நின்று ஏறினவர். இன்னொன்றும் சொல்ல வேண்டும். யூத சமயம் வாறவன் போறவனையெல்லாம் பிடித்து இழுத்துச் சேர்க்கிற சமயம் இல்லை. சேரப் போகிறேன் என்று போய் நின்றாலே முதலில் திருப்பி அனுப்பித்தான் பார்ப்பார்களாம். மாமா பயப்படத் தேவையில்லை.

நடந்தது இதுதான். அண்ணைக்கு ஒரு யூத நண்பர் இருந்தார். அவர்களுடைய வேதத்திலிருந்து ஒரு விஷயத்தை அந்த மனிதர் அண்ணைக்குச் சொன்னார். அந்த ஒன்று அண்ணையின் கடைசி வருடங்களை மாற்றியது. அதனாலேயே அவர் சாகும்போது ஓர் ஆசையைச் சொன்னார். அந்த ஆசை நீங்கள் கையில் வைத்திருக்கிற இந்த நினைவு மலரைப் பற்றியது. அண்ணி அதற்கு மறுத்துவிட்டார். இந்தப் பக்கங்கள் அச்சுக்குப் போவதற்குச் சில நாட்கள் முன்பு வரை, கணவனின் கடைசி ஆசையா, மனைவியின் மறுப்பா, எதைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் நான் அலைந்தேன்.

அண்ணை கோண்டாவிலில் பிறந்தவர். எங்கள் தகப்பன் வேளைக்கே போய்விட்டதால் படிப்பைப் பாதியில் விட்டு, கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு அங்கேயே மனேச்சராக வந்தவர். கோபக்காரர். நிறுவையில் சந்தேகம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடை அதிரும். ஆனால் கடை பூட்டுகிற நேரத்தில் வந்தாலும் யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். என்னை லண்டன் மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து விமானம் ஏற்றிய பிறகுதான் தன் கலியாணத்தை யோசித்தார். அண்ணி நீர்வேலி. ஒரு மகன் பிறந்தான். சின்னவன் என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். என் மருமகனை நான் படத்தில் மட்டும் பார்த்தவள்.

பிறகு சண்டை வந்து ஊரே கிளம்பியது. அந்தக் கதை இந்த மலரை வாசிக்கிற பாதிப் பேருக்கு நான் சொல்லத் தேவையில்லை. சாவகச்சேரி, கிளாலி, கிளிநொச்சி, அக்கராயன் என்று அவர்கள் மூவரும் போனார்கள். வன்னியில் மலேரியா. மருந்து இல்லை. சின்னவனுக்கு நாலு வயது. வழியில் போய்விட்டான். விம்பிள்டனில் இருந்த எனக்குச் செய்தி வந்து சேரும்போது எல்லாம் ஆறிப்போய்விட்டது. அண்ணையும் அண்ணியும் இரண்டு பேராக மல்லாவி போய், வவுனியா முகாமில் இருந்து, கொழும்பு வந்து, பெரும்பாடு பட்டு இங்கே வந்து சேர்ந்தார்கள்.

இங்கே ஈஸ்ட் ஹாமில் ஓர் அறை. பெற்றோல் ஸ்டேசனில் ஷிப்ட். பிறகு குட்மேய்ஸில் இந்த வீடு. மகள் பிறந்தாள். அவள்தான் இந்த மலரைக் கொம்பியூட்டரில் அழகாகச் செய்து தந்திருக்கிறாள். அந்தப் பிள்ளை வளர்ந்த வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. போட்டவர் அண்ணி. வன்னியில் உள்ள எந்த ஊரின் பெயரும் வாயில் வரக்கூடாது. ரீவியில் செய்தி வாசிக்கிறவர் அந்தப் பக்கத்து ஊர் ஒன்றைச் சொன்னால் அண்ணி எழும்பிப் போய் நிறுத்திவிடுவார். சாமியறையில் சின்னவனின் படம் இருந்தது. மாலையும் இருந்தது. அதற்கு மேல் கதை இல்லை.

அண்ணையின் மகள், என் மருமகள், பள்ளிக்கூடத்தில் படிக்கிற நாளில் ஒருமுறை கேட்டாள், "அம்மா, அண்ணா எங்க?" என்று. அண்ணி, "சாமியிட்ட" என்றார். பிள்ளை விடவில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் விடமாட்டார்கள். எந்த இடத்தில் புதைத்தீர்கள், அந்த இடத்துக்கு ஒரு பெயர் இருக்குமே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அண்ணி சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு மேலே போனவர், அன்று முழுக்க இறங்கி வரவில்லை. அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளை பிறகு கேட்கவே இல்லை.

அண்ணைக்குச் சீனி வருத்தம் முற்றிச் சிறுநீரகம் இரண்டும் பழுதானது. கிழமையில் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய், கதிரையில் சாய்ந்து, இரத்தத்தை மெசினில் விட்டுச் சுத்தப்படுத்தி எடுத்துக்கொண்டு வர வேண்டும். போனால் அரை நாள் போய்விடும். வந்தால் மீதி அரை நாள் படுக்கை. வியாழக்கிழமைகளில் நான் விம்பிள்டனில் இருந்து வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போவேன்.

அண்ணைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர்தான் அந்த யூத மனிதர். தொண்ணூறை நெருங்கியவர். காண்ட்ஸ் ஹில் பக்கம் தனியாக இருக்கிறார். கோட்டு வெட்டித் தைத்துச் சீவித்தவர். தன் பெயரை இதில் போடவேண்டாம் என்று சொன்னதால், அண்ணை சொன்னதுபோல் பக்கத்துக் கதிரைக்காரர் என்றே எழுதுகிறேன். முதல் நாள் அவர் அண்ணையின் நெற்றியைப் பார்த்து, மா பட்டிருக்கிறது, துடையுங்கள் என்றாராம். அண்ணையோ அவர் தலையிலிருந்த சின்ன வட்டத் தொப்பியைப் பார்த்து, பாவம், மொட்டையை மறைக்கிறார் என்று நினைத்திருக்கிறார். இரண்டு பேரும் தங்கள் தங்கள் நெற்றியையும் தலையையும் விளக்கி முடிக்கவே ஒரு கிழமை போனது. அதற்குப் பிறகு கதை ஓயவில்லை. இரண்டு பேரும் கோபக்காரர்கள். நேர்ஸ் பிள்ளைகளுக்குத்தான் பாவம்.

அந்த மனிதர் தங்கள் வேதத்தில் அந்தந்தக் கிழமைக்கு உரிய பகுதியைப் பெரிய எழுத்தில் கொண்டுவந்து வாசிப்பார். ஒரு கோடை நாள் அண்ணை, என்ன வாசிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். "ஊர்ப் பெயர்கள்" என்று பதில் வந்திருக்கிறது. அன்று காரில் ஏறியதும் அண்ணை எனக்குச் சொன்னார்.

"தங்கச்சி, இவையின்ர ஆக்கள் அடிமைப்பட்டிருந்த நாட்டை விட்டு வெளிக்கிட்டு வனாந்தரத்தில திரிஞ்சவை எல்லே. அப்ப தங்கித் தங்கிப் போன இடம் நாற்பத்திரண்டாம். வேதத்தில அவ்வளவும் கிடக்காம். இதில இருந்து வெளிக்கிட்டு அதில கூடாரம் போட்டினம், அதில இருந்து வெளிக்கிட்டு இதில போட்டினம். வேற ஒண்டும் இல்லை. வெறும் பேர்."

"அது என்ன வேதம் அண்ணை, பஸ் ரூட் மாதிரி?" என்றேன்.

"நானும் உதைத்தான் கேட்டனான். மனிசன் சிரிக்கேல்லை. தண்ணி கசந்த இடம், சண்டை பிடிச்ச இடம், சனம் செத்த இடம், அதுவும் இருக்காம். நல்லது நடந்த இடம் மட்டுமெண்டு தெரிஞ்செடுத்து எழுதேல்லையாம். ஒவ்வொரு மனிசனுக்கும் அப்பிடி நாற்பத்திரண்டு இடம் இருக்காம், பிறந்ததில இருந்து போய்ச் சேருமட்டும். ஒண்டை விட்டிட்டு மற்றதுக்குப் போகேலாதாம்."

பிறகு அவர்களுடைய பழைய ஆசிரியர்கள் சொன்ன ஒரு கதையையும் சொன்னார். "ஒரு ராசாவின்ர மகனுக்குச் சுகமில்லையாம். தூர தேசத்துக்குக் கொண்டுபோய்ச் சுகமாக்கிக்கொண்டு திரும்பி வரேக்க, தகப்பன் வழி முழுக்கக் காட்டிக்கொண்டு வாறாராம். இதில படுத்தனாங்கள். இதில எங்களுக்குக் குளிர்ந்தது. இதில உனக்குத் தலையிடிச்சது."

சிக்னல் பச்சையாகியும் நான் எடுக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

"நான் அந்தாளிட்டச் சொல்லிப்போட்டன், தங்கச்சி. எனக்குத் திரும்பி வரேக்கப் பிள்ளை இல்லை எண்டு."

இவ்வளவு வருடத்தில் சின்னவனைப் பற்றி அண்ணை வாய் திறந்து சொன்னது அன்றுதான். அதுவும் சொந்தக்காரர் யாரிடமும் இல்லை, இரத்தம் ஓடுகிற குழாயோடு பக்கத்தில் படுத்திருந்த ஒரு வேற்று மனிதரிடம். அந்த மனிதர் அடுத்த முறை வந்ததும் வராததுமாகச் சொன்னாராம், அந்தக் கதையில் மகன் வாயே திறப்பதில்லை, இடங்களைச் சொல்வது தகப்பனின் வேலை, பிள்ளை கேட்கிறானோ இல்லையோ தகப்பன் சொல்லத்தான் வேண்டும் என்று. அதன்பிறகு, உன்னுடைய இடங்களைச் சொல்லு பார்ப்போம் என்று கேட்டிருக்கிறார்.

அண்ணை சொன்னார். கோண்டாவில், சாவகச்சேரி, கிளாலி, கிளிநொச்சி, அக்கராயன், மல்லாவி, வவுனியா, கொழும்பு, லண்டன். கிழவர் உடனே, ஒன்றைத் தாண்டிவிட்டாய் என்றாராம். எப்படித் தெரியும் என்று அண்ணை சீறியிருக்கிறார். எனக்கு உங்கள் நாடு தெரியாது, நீ மூச்சை விழுங்கின இடம் தெரிகிறது என்று அவர் சொல்லியிருக்கிறார். அவர்களுடைய கோயிலில் வேதம் வாசிக்கிறவர் ஒரு சொல்லை விழுங்கினாலும் இருக்கிற சனம் சத்தம் போட்டுத் திரும்ப வாசிக்க வைக்குமாம். "எங்கட கோயில்ல ஐயர் பாதியை விழுங்கினாலும் ஆர் கேட்கினம்?" என்று அண்ணை என்னிடம் சிரித்தார். ஆனால் கிழவர் அதோடு விடவில்லை. யூதர்களை வேட்டையாடிய காலத்தில், தன்னைச் சின்ன வயதில் தனியே ரயிலேற்றி இங்கே அனுப்பிவிட்ட தன் தாய் கடைசியாக நின்ற இடத்தின் பெயர் தனக்குத் தெரியாது, இனித் தெரியவும் போவதில்லை என்றாராம். உனக்குத் தெரியும், தெரிந்துகொண்டு விடுகிறாய் என்று கோபப்பட்டிருக்கிறார். அண்ணையை அதட்டின ஆள் வேறு ஒருவரும் இல்லை.

அன்று பின்னேரம் வீட்டில் சாப்பாட்டு மேசையில் அண்ணை தொடங்கினார். மகளைப் பார்த்து, "பிள்ளை, நாங்கள் வந்த வழியைச் சொல்லுறன், கேள்" என்றார். கிளிநொச்சி வரைதான் போனார்.

அண்ணி எழுந்தார். "இஞ்சேருங்கோ, நிப்பாட்டுங்கோ. அந்த இடத்தின்ர பேர் இந்த வீட்டுக்குள்ள வந்தா நான் இந்த வீட்டில இருக்கமாட்டன்."

பழைய அண்ணை என்றால் மேசை உடைந்திருக்கும். அன்று அவர் அண்ணியை நிமிர்ந்து பார்த்து, "சரியப்பா, சொல்லேல்லை" என்றார். அவ்வளவுதான். எனக்கு அதிசயமாக இருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் சொல்லாமல் வெளியில் சொன்னார். காரில் என்னிடம் சொல்வார். கோயிலில் தேவாரம் படிக்கிற நேரத்தில் உதடு மட்டும் அசையும். உற்றுக் கேட்டால் முருகனுக்கு ஊர்ப் பெயர் சொல்லிக்கொண்டிருப்பார். அக்கராயனுக்குப் பிறகு இப்போது ஒரு பெயர் சேர்ந்திருந்தது. "ஸ்கந்தபுரம். சின்னவனை அங்க விட்டிட்டு வந்தனாங்கள்" என்றார் என்னிடம். சொல்லச் சொல்ல அண்ணையின் கோபம் தேய்ந்துகொண்டு வந்தது. எங்கேயோ பத்திரமாக மூடி வைத்திருந்ததைக் காக்க வேண்டிய வேலை முடிந்துபோனதால் இருக்கும். அவருக்கு நிம்மதி வந்தது என்று நான் எழுதமாட்டேன். வரவில்லை. அந்த இடத்தில் கடவுள் நின்றவரோ என்று பக்கத்துக் கதிரைக்காரரிடம் கேட்டிருக்கிறார். தெரியாது, ஆனால் அந்த இடமும் எழுதப்பட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும் என்று அந்த மனிதர் சொன்னாராம். "பொய் சொல்லாத மனிசன்" என்றார் அண்ணை.

இருதயமும் பலமிழந்த பிறகு வைத்தியர்கள் மெசினை நிறுத்தலாம் என்றார்கள். அண்ணை சம்மதித்தார். கட்டிலைச் சுற்றி அண்ணி, மருமகள், நான் மூன்று பேரும் இருந்தோம். அண்ணை என் கையைப் பிடித்தார்.

"தங்கச்சி, என்ர கல்வெட்டை நீதான் எழுதவேணும். கோண்டாவிலைப் பிறப்பிடமாகவும் லண்டனை வதிவிடமாகவும் கொண்ட எண்டு ரெண்டு ஊரோட முடிச்சுப் போடாதை. இடையில உள்ளதையும் போடு. எல்லாத்தையும்."

நினைவு மலரை நாங்கள் கல்வெட்டு என்றுதான் சொல்வோம் என்பது இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் மரண அறிவித்தல் எல்லாவற்றிலும் இந்த இரண்டு சொல்லும் இருக்கும். பிறப்பிடம், வதிவிடம். ஒரு மனிதர் எங்கோ பிறந்தார், எங்கோ இருந்தார், நடுவில் ஒன்றுமே நடக்கவில்லை என்பதுபோல. சின்னப் பிள்ளைகளுக்கு நாங்கள் அந்தியேட்டி என்ற முப்பத்தோராம் நாள் கிரியை செய்வதில்லை. கல்வெட்டும் அடிப்பதில்லை. அதனால் சின்னவன் எந்தத் தாளிலும் ஏறாமலே போய்விடுவான் என்பது அண்ணைக்குத் தெரியும்.

"இல்லை" என்றார் அண்ணி. அந்த ஒரு சொல்தான். சொல்லிவிட்டு வெளியே போய் நடைபாதையில் நின்றார். மூன்றாம் நாள் அண்ணை போய்விட்டார். அப்போது அண்ணிதான் தலைமாட்டில் இருந்தார்.

எட்டுச் செலவு முடிந்து இரண்டு நாளில் பக்கத்துக் கதிரைக்காரர் தடியை ஊன்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அண்ணிக்கு எதிரே இருந்தார். ஒன்றும் பேசவில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டினார். நேரம் போனது. "உவர் ஏன் விறைச்சுப்போய் இருக்கிறார், பிரஷரோ?" என்று ஒரு சித்தி என் காதுக்குள் கேட்டார். இழவு வீட்டுக்குப் போகிறவர், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும் வரை பேசக்கூடாது என்பது அவர்களுடைய வழக்கமாம். அது எங்களுக்குத் தெரியாது. அண்ணியும் பேசவில்லை. எங்கள் வழக்கத்தில் வந்தவர்தானே முதலில் கேட்கவேண்டும்! ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு இரண்டு பேரும் அப்படியே இருந்தார்கள். எனக்கு எழும்பி ஓடலாம் போல இருந்தது. கடைசியில் அண்ணிதான் தன் ஆங்கிலத்தில், "வெளியில குளிரோ?" என்றார். "குளிர்தான்" என்றார் அவர். பிறகு இரண்டு பேரும் குளிரைப் பற்றிக் கொஞ்சம் கதைத்தார்கள். அண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகும்போது அண்ணி வாசல் வரை வந்து அவருடைய கையைப் பிடித்து வழியனுப்பினார்.

கதவைச் சாத்திவிட்டு என்னிடம் சொன்னார், "வந்த சனமெல்லாம் கடைசியா என்ன சொன்னவர், கடைசியா என்ன சொன்னவர் எண்டு என்னைக் குடைஞ்செடுத்தவை, மச்சாள். உந்த மனிசன் ஒண்டும் கேட்கேல்லை."

மலரின் படி அச்சுக்கு முன் பார்ப்பதற்கு வந்தது. பக்கங்களை அடுக்கினவள் என்றாலும் மருமகளுக்குத் தமிழ் வாசிக்க வராது. ஆகவே நான் கூடத்தில் இருந்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். ஆம், நான் எழுதியிருந்தேன். அண்ணியிடம் கேட்காமல் அச்சடிப்பதில்லை என்று தீர்மானித்துத்தான் எழுதினேன். கேட்கத் தைரியம் வரவில்லை. அண்ணி குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருக்கிறார், தண்ணீர் ஓடுகிறது, கேட்காது என்று நினைத்துக் குரலைத் தாழ்த்தி வாசித்தேன். "ஸ்கந்தபுரத்தில் தம் அருமை மகனை இழந்து..."

தண்ணீர் நின்றது. அண்ணி ஈரக் கையோடு வாசலில் நின்றார். இன்றைக்கு இந்த வீட்டில் என் கால் கடைசி என்றுதான் நினைத்தேன்.

"ஸ்கந்தபுரம் இல்லை" என்றார்.

ஈரக் கையாலேயே தாளைக் காட்டினார்.

"ஆர் சொன்னது ஸ்கந்தபுரமெண்டு? அவரோ? அது அவர் நிண்ட ஊர், மச்சாள். அங்க மருந்து குடுக்கிறாங்களெண்டு கேள்விப்பட்டு எங்களை மதகடியில இருத்திப்போட்டுச் சைக்கிள்ல போனவர். லைனில நிண்டவர். பிள்ளை போனது மதகடியில. அக்கராயன் தாண்டி, வாய்க்கால் றோட்டைக் குறுக்கறுக்கிற இடம். மருதமரம் நிண்டது. அதுக்குப் பேர் இல்லை. அதுதான் அவர் தான் நிண்ட ஊரின்ர பேரைச் சொல்லியிருக்கிறார். பிழையா அடிக்காதேங்கோ. என்ர பிள்ளை ஸ்கந்தபுரத்தைக் கண்டதே இல்லை."

சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு அண்ணி நிலத்தில் இருந்தார். மருமகளும் கீழே இறங்கி அவருக்குப் பக்கத்தில் இருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு அண்ணி தானாகச் சொன்னார்.

"பொழுது படேக்கத்தான் அவர் வந்தவர். கையில மருந்துக் குளிசைப் பை. பிள்ளையைப் பார்த்தார். பார்த்துப்போட்டு முதல் கேட்டது, ஏதும் சொன்னவனோ எண்டு. இல்லை, நித்திரையிலயே போட்டான் எண்டு சொன்னன். நான் அவருக்குச் சொன்ன ஒரே பொய் அதுதான். பிள்ளை கேட்டவன், மச்சாள். அப்பா எங்க, அப்பா எங்க எண்டு கேட்டுக்கொண்டே இருந்தவன். பேந்து, நான் படுக்கிறன், அப்பா வந்தாப்பிறகு எழுப்புங்கோ எண்டான். அதுக்குப் பிறகு கதைக்கேல்லை."

மருமகள் தாயின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"இதை அவரிட்டச் சொன்னா அவர் இருந்திருப்பாரோ? அந்த இடத்தின்ர கதையை எடுத்தா அவர் அடுத்ததா அதைத்தான் கேட்பார். இன்னொருக்காப் பொய் சொல்ல எனக்கு ஏலாது. அதுதான் எடுக்க விடேல்லை. எனக்கு அந்த இடத்தில ஒரு கோவமும் இல்லை. என்ர பிள்ளை கிடக்கிற இடம் அது."

நான் வாய்விட்டு அழுதேன். இத்தனை வருடம் அந்த வீட்டில் ஒரு கல்மனம் இருக்கிறதென்று எத்தனை பேர் சொன்னார்கள், என் அண்ணையே மனதுக்குள் நினைத்திருப்பார், அவ்வளவையும் வாங்கிக்கொண்டு இந்த மனுசி அவரைக் காப்பாற்றிக்கொண்டு இருந்திருக்கிறார்! அண்ணைக்கு இடங்களைச் சொல்லித்தான் வழி கிடைத்தது. அண்ணிக்குச் சொல்லாமல் இருப்பதுதான் வழியாக இருந்தது. எது பெரியது என்று நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

மருமகள் போனில் வரைபடத்தைத் திறந்து, "எந்த றோட் அம்மா?" என்றாள். அண்ணி விரலை வைத்து அக்கராயனில் இருந்து இழுத்துப் பார்த்தார். மதகு தெரியவில்லை. "புது றோட் போட்டிருப்பாங்கள்" என்றார். கொஞ்ச நேரம் விரலை அந்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "எழுதுங்கோ. எல்லாத்தையும் எழுதுங்கோ. இனி அவரிட்ட ஒளிச்சு என்ன?" என்றார்.

ஆகவே அண்ணையின் விருப்பப்படியும் அண்ணியின் திருத்தத்தோடும் எழுதுகிறேன். எங்கள் அண்ணை கோண்டாவிலில் இருந்து வெளிக்கிட்டுச் சாவகச்சேரியில் தங்கினார். சாவகச்சேரியில் இருந்து வெளிக்கிட்டுக் கிளாலியில் தங்கினார். கிளாலியில் இருந்து வெளிக்கிட்டுக் கிளிநொச்சியில் தங்கினார். கிளிநொச்சியில் இருந்து வெளிக்கிட்டு அக்கராயனில் தங்கினார். அக்கராயனில் இருந்து வெளிக்கிட்டு, வாய்க்கால் மதகடியில், மருதமரத்தின் கீழே, மகனை வைத்தார். அங்கிருந்து மல்லாவி, மல்லாவியில் இருந்து வவுனியா, வவுனியாவில் இருந்து கொழும்பு, கொழும்பில் இருந்து லண்டன். லண்டனில் இருந்தும் இப்போது வெளிக்கிட்டுவிட்டார்.

அண்ணையின் நோய்க்காலத்தில் முகம் சுளிக்காமல் பார்த்த வைத்தியர்களுக்கும், அவருடைய கோபத்தைப் பொறுத்த நேர்ஸ் பிள்ளைகளுக்கும், கிரியைகளைச் செய்துதந்த ஐயருக்கும், ஒரு மாதமாக அடுப்பு மூட்ட விடாமல் சாப்பாடு கொண்டுவந்த குட்மேய்ஸ் அயலவர்களுக்கும் எங்கள் நன்றி. இன்னமும் கிழமையில் மூன்று நாள் அதே கதிரையில் சாய்கிற அந்தப் பெரியவருக்கு நான் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இந்த மலரை அவரிடம் கொண்டுபோய் வாசித்து, ஆங்கிலத்தில் சொல்வேன். ஒரு ஊரையும் விடமாட்டேன்.

இன்னும் சிலர் இருக்கிறார்கள். அண்ணை வரும்வரை அண்ணியோடு மதகடியில் காத்திருந்த குடும்பம் ஒன்று. ஓடிக்கொண்டிருந்த சனத்தில் அவர்கள் மட்டும் நின்றார்கள். தகப்பன் மண்வெட்டி எடுத்துக் குழி வெட்டினார். தாய் தன் பையிலிருந்து கட்டாத சேலை ஒன்றை எடுத்துப் பிள்ளையைச் சுற்றினார். சேலை பச்சை என்று அண்ணிக்கு நினைவிருக்கிறது. பெயர் கேட்கவில்லை. எந்த ஊர் என்றும் தெரியாது. ஐயா, அம்மா, நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் இந்த மலர் யார் கையிலாவது உங்களிடம் வந்து சேரக்கூடும் என்பதற்காக எழுதுகிறேன். நீங்கள் மண் போட்ட பிள்ளையின் தகப்பன் காலமாகிவிட்டார். தாய் இருக்கிறார். உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.